ஏயர்கோன் மறுத்த மருத்துவம்

பெரியபுராணம் பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தின் வாயிலில் சற்றே தயங்கி நிற்பது வழக்கம். தயக்கத்திற்குக் காரணமாகச் சொல்லப்படுவது அதன் நீளம். 400 பாடல்களுக்கு மேல் விரியும் அப்புராணத்தில் கலிக்காமர் தொடக்கத்தில் ஒரு சில பாடல்களில் தோன்றுகிறார். உடனே மறைந்து விடுகிறார். பின்னர்ச் சுந்தரர் வருகிறார், சங்கிலியாரை மணக்கிறார், சூளுறவு பிழைத்துக் கண்ணிழக்கிறார், கண் பெறுகிறார், பரவையாரின் ஊடலைத் தணிக்க இறைவனையே தூது விடுக்கிறார். இவையெல்லாம் முடிந்த பிறகே கலிக்காமர் மீண்டும் வருகிறார். "பெயர் ஒருவருக்கு, கதை மற்றொருவருக்கு" என்று மாணவர் நகைப்பதுண்டு.

உண்மையான தயக்கம் இதுவன்று. கொடிய நோயுற்ற ஒருவர், தீர்க்க வல்லவர் வருகிறார் என்று தெரிந்தும் அம்மருத்துவத்தை மறுத்துத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் செய்தி அப்புராணத்தின் இறுதியில் வருகிறது. இளைஞர் நிறைந்த வகுப்பில் இதனை எவ்வாறு எடுத்துரைப்பது? முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் செய்து வந்தது எளிய செயல். "பத்தி வைராக்கியம்" என்ற தொடரால் அவ்விடத்தைப் போர்த்தி மூடிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்று விடுவேன். வினாத்தாளிலும் அவ்விடத்தைத் தொட்டதில்லை.

அந்தப் போர்வையை என் கையிலிருந்து பறித்தவர் ஒரு நண்பர். என்னினும் பத்தாண்டு மூத்தவர். தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இன்னார் என அறியாதவாறு சிலவற்றை மாற்றியும் சிலவற்றை விடுத்தும், அவர் இசைவோடே இதனை எழுதுகிறேன். பாசிர் ரிஸ்ஸில் அடுக்குமாடி வீடொன்றில் துணைவியாரோடு வாழ்ந்து வருகிறார். குடலிற் புற்று எனத் தெரிந்தபோது, அறுவையும் அதன்பின் ‘கீமோ’ என யாவரும் வழங்கும் மருந்தேற்றமும் வேண்டுமென மருத்துவர் கூறினர். "வேண்டா" என ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் வீட்டுக் கூடத்தின் சன்னல் வடக்கு நோக்கியது. பூங்காவின் மரங்களுக்கு அப்பால் கடலும், கடலுக்கு அப்பால் உபின் தீவும் தெரியும். வானம் தெளிந்த நாளில் ஜொகூர்க் கரையும் தெரியும். நாற்காலியை அச்சன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டு, "தம்பி, நான் வடக்கிருக்கிறேன்" என்றார். விளையாட்டென எண்ணி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுத்துரைக்கப் புகுந்த என்னிடம் அவர் அடுக்கிய சான்றுகள் யாவும் நாங்கள் இருவரும் வகுப்பில் போற்றி நடத்தியவை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான்; பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து உடனிருந்தார். சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். கவுந்தியடிகள் உண்ணா நோன்பில் உயிர் துறந்தார். மயிர் நீப்பின் வாழாக் கவரிமாவைக் காட்டி மானம் கற்பித்தவர் வள்ளுவர். "மாணவர்க்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?" என வினவினார். விடையின்றி மின்தூக்கியில் இறங்கி வந்தேன். நாம் கற்பித்த இலக்கியமே ஒருவர் சாவதற்கு வழக்குரைக்குமாயின், அதனை நாம் கற்பித்த முறையிற் பிழை உண்டா என்று பார்க்கவேண்டியது நம் கடன். இக்கட்டுரை பிறந்தது அவ்வாறே.

சங்கப் பாடல்களைப் பற்றி ஒன்று மட்டும் கூறி மேற்செல்கிறேன். கோப்பெருஞ்சோழனைப் பற்றிய பாடல்களை நாம் நட்பின் சிறப்புக்கும் மானத்தின் சிறப்புக்கும் சான்றாகப் படித்துவிட்டோம். அவற்றுட் பல, பின்னே விடப்பட்டவர்களின் அழுகை என்பதை மறந்தோம். சோழன் இறந்தபின் உறையூருக்குத் திரும்பும் பொத்தியார், யானையை இழந்த பாகன் வெறுங்கொட்டிலைக் கண்டு அழுவதைத் தம் நிலைக்கு உவமையாக்குகிறார். அந்தப் பாகனை நாம் வகுப்பில் நிறுத்திக் காட்டியதுண்டா? அன்றியும், உடன் வடக்கிருக்க விரும்பிய அதே பொத்தியாரை, "மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா" என்று திருப்பி அனுப்பியவன் சாகத் துணிந்த அந்த அரசனே. சாவின் வாயிலில் இருந்தவனும் பிறனொருவன் வாழக் காரணம் தேடினான். அரசனுக்கு உற்றது மக்களோடு நேர்ந்த பகை, நோயன்று. ஆதலின் என் நண்பருக்கு ஏற்ற ஒப்புமை புறநானூற்றில் இல்லை. அது பெரியபுராணத்தில், நான் போர்த்தி மூடிய இடத்தில் இருந்தது.

கதையை மாணவர் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன். சோழ நாட்டுத் திருப்பெருமங்கலத்தில் ஏயர் குடியில் தோன்றியவர் கலிக்காமர். திருப்புன்கூர் இறைவனுக்குத் திருப்பணி பல செய்தவர். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் இறைவனைத் தூது விடுத்தார் எனக் கேட்டு நெஞ்சு கொதிக்கிறார். ஆண்டானை ஏவுகின்றவனும் தொண்டனாவானா என்பது அவர் வினா. இச்சினத்தை அறிந்த சுந்தரர் தம் பிழையை உணர்ந்து இறைவனிடம் முறையிடுகிறார். இருவரையும் இணைக்கக் கருதிய இறைவன் கலிக்காமருக்குச் சூலை நோயைத் தருகிறான். தீயில் காய்ந்த வேல் உள்ளே குடைவது போன்ற வேதனை என்று சேக்கிழார் உவமை கூறுகிறார். கலிக்காமர் இறைவனையே நினைந்து வேண்ட, வன்தொண்டன் தீர்த்தாலன்றி இது தீராது என்று விடை வருகிறது. அதற்கு இசையாது, சுந்தரர் வந்து சேருமுன்பே கலிக்காமர் வாளால் உயிர் துறக்கிறார்.

இங்கே சேக்கிழார் கலிக்காமர் வாயில் வைத்துள்ள மறுமொழியை ஊன்றிப் படிக்க வேண்டும். மருந்து வேண்டா என்று அவர் சொல்லவில்லை. வாழ்வு வேண்டா என்றும் சொல்லவில்லை. என் தந்தையும் அவர் தந்தையும் எங்கள் குலம் முழுவதும் வழிவழியாக உன்னையே தலைவனாகக் கொண்டு வாழ்ந்தோம். நேற்று நீ ஆட்கொண்ட ஒருவனோ வந்து என் நோயைத் தீர்ப்பவன் என்பது அம்மறுமொழியின் கருத்து. அவன் தீர்ப்பதினும் தீராது வருத்துவதே நன்று என்றும் சொல்கிறார். அவர் மறுத்தது மருந்தையன்று. மருந்து வரும் கையை. நோயைவிடக் கடன் பெரிதாகத் தோன்றிற்று. தம் வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவர், தாம் இகழ்ந்த ஒருவரிடம் பெற்று வாழ்வதைத் தாளமாட்டாதவராய் இருந்தார். நாம் இதனைப் பத்தி வைராக்கியம் என்று மட்டும் விளக்கும்போது இந்த மனிதனைக் காணத் தவறுகிறோம்.

என் நண்பரிடம் நான் கேளாமல் விட்ட கேள்வியும் இதுவே. இரண்டு வாரம் வாதாடினேன். வள்ளுவரின் மருந்து அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். இந்த வகைப் புற்றைத் தொடக்கத்திலே கண்டால் அறுவையால் நீக்க வாய்ப்புண்டு என்று மருத்துவர் கூறியதை மனப்பாடமாக ஒப்பித்தேன். ஆசிரியப் பயிற்சியில் விளக்கிச் சொல்லும் முறைகள் ஏழெட்டு எனக்குக் கற்பிக்கப்பட்டன. வாய் மூடிக் கேட்டிருக்கும் முறை ஒன்றேனும் கற்பிக்கப்பட்டதாக நினைவில்லை. அவர் எதனை மறுக்கிறார் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அவரே சொன்னார்: அறுவைக்குப் பின் வயிற்றில் பை கட்டி வாழ நேருமோ, அதனை மகள் கழுவ நேருமோ என்ற எண்ணமே அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியிருந்தது. மகளுக்கு ஐந்து வயதாயிருந்தபோது அவளுக்குச் செய்ததை அவள் கையால் தாம் பெறுவதா? ஏயர்கோனும் அதையே கேட்டார்.

அடுத்து, சுந்தரர் வந்த முறை. இறைவன் ஆணையைத் தலைமேற்கொண்டு மகிழ்ச்சியோடே புறப்படுகிறார். தாம் நோய் தீர்க்க வருவதை முன்னதாக ஆளனுப்பித் தெரிவிக்கிறார். அந்தச் செய்தி சென்று சேர்ந்தபோதுதான் கலிக்காமர் வாளை எடுக்கிறார். உரையாசிரியர் வழியில் பயின்ற நாம் இதனைத் தம்பிரான் தோழரின் பண்புடைமை என்று படிப்போம். எனக்கோ இவ்விடம் மருத்துவன் செய்த பிழையாகவே தோன்றுகிறது. சினந்திருக்கும் ஒருவனிடம் உதவியை முரசறைந்து கொண்டு போகலாமா? "உன்னைக் காப்பாற்ற வருகிறேன்" என்பது, கேட்பவன் காதில், "நீ என்னிடம் தோற்றாய்" என்று விழலாம். சேக்கிழார் இதனைப் பிழை என்று சொல்லவில்லை. ஆயினும் செய்தி சென்றதையும் வாள் எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்த புலவர் அதனை அறியாமல் வைத்திருப்பார் என நான் நம்பவில்லை. நாங்களும் அவ்வாறே செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆசிரியர்கள் ஐவர் பழக்கூடையோடு சென்று வரிசையாக அமர்ந்து ஆளுக்கொரு அறிவுரை கூறினோம். அன்றிரவு அவர் உணவைத் தொடவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

மூன்றாவதாக வீட்டார். கணவர் உயிர் துறந்தது கண்டு உடன் சாகத் துணிந்த கலிக்காமரின் மனைவி, சுந்தரர் அணுகிவிட்டார் என்று கேட்டதும் அழுகையை நிறுத்தச் சொல்கிறார். விளக்கேற்றி வரவேற்கச் செய்கிறார். நோயாளரைக் காணவேண்டும் என்ற விருந்தினரிடம், தீங்கொன்றும் இல்லை, உள்ளே உறங்குகிறார் என்று அவர் ஏவலின்படி ஏவலர் சொல்கின்றனர். இப்பெண்மணி மானக்கஞ்சாறர் மகள். மணநாளன்று தந்தையின் கையால் கூந்தல் அரியப்பட்டவர். துன்பத்தை முகத்திற் காட்டாது நிற்க இளமையிலேயே கற்றவர். அவரைக் குறை கூற யார்க்கு வாய் வரும்? ஆயினும், உறங்குகிறார் என்ற அச்சொல்லை இன்றும் நம் வீடுகளின் கதவுக்குப் பின்னிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் தொலைபேசியில் அழைத்த நாள்களில் நண்பரின் துணைவியார், "ஒன்றும் இல்லை தம்பி, தூங்குகிறார்" என்றே சொல்லி வந்தார். நானும் நம்பினேன், நம்ப விரும்பினேன் என்பதே சரி.

சுந்தரரோ நம்பவில்லை. தீங்கில்லையெனினும் என் மனம் தெளியவில்லை, அவரைக் கண்டாக வேண்டும் என்கிறார். இப்புராணத்தில் அவர் செய்த மருத்துவம் எது என்று கேட்டால், இந்த ஒரு பிடிவாதமே என்பேன். பதிகம் பாடி நோய் தீர்த்தார் என்று கூறச் சேக்கிழாருக்கு வழியுண்டு. அப்பூதியடிகளின் மகனை நாவுக்கரசர் பதிகம் பாடி எழுப்பியதைக் கூறியவரும் அவரே. ஈண்டு அவ்வாறு கூறவில்லை. சுந்தரர் தாமே பாடிய திருப்புன்கூர்ப் பதிகம் ஏயர்கோனின் பெருநோயை இறைவன் நீக்கியதைக் குறிக்கிறதேயன்றி, அந்தப் பெருமையைப் பாடியவர்க்கு ஏற்றவில்லை.

அவர் ஏன் அவ்வாறு பிடிவாதம் செய்தார்? இவ்விடத்தில்தான் புராணத்தின் நீளம் பொருள் பெறுகிறது. மாணவர் நகைக்கும் அந்த நடுப்பகுதி முழுவதும் சுந்தரர் நோயாளியாய் இருந்த கதை. கண்ணிழந்து, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண் பெற்று, உடலிற் பிணி தோன்றத் திருத்துருத்தியில் குளத்தில் மூழ்கித் தேறி, திருவாரூரில் மறு கண் பெற்றவர் அவர். கோல் கொடுத்தால் கோலை வாங்கிக்கொண்டார். குளத்தில் மூழ்கச் சொன்னால் மூழ்கினார். ஒரு கண் கிடைத்தபோது மறு கண்ணுக்காக மீண்டும் முறையிட்டார். சினந்து கேட்டார்; நாணாது கேட்டார். பெற்று வாழ்வதன் நாணத்தை நன்கு அறிந்த ஒருவரே, பெற மறுத்தவர் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறார். வள்ளுவர் மருத்துவத்திற்கு உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறு வகுத்தார். பரிமேலழகர் அவற்றுள் ஒவ்வொன்றற்கும் பண்புகளை எண்ணுமிடத்தில், உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்து அன்பை வைக்கிறார். உற்றவனாய் இருந்து பார்த்தவனே நல்ல உழைச்செல்வான் ஆவான் என்பதைச் சேக்கிழார் கதையின் அமைப்பாலேயே காட்டுகிறார். எனவே, இப்புராணம் பெயர் பிழைபட்டது என்னும் கருத்தை இனி நான் வகுப்பில் சொல்லப் போவதில்லை.

சுந்தரரின் பிடிவாதத்தை நான் நண்பரிடம் கைக்கொண்டது தாமதமாகத்தான். ஒரு மாலை, அறிவிப்பின்றிச் சென்றேன்; துணைவியார் தூங்குகிறார் என்றார்; "பரவாயில்லை அக்கா, எழும்வரை இருக்கிறேன்" என்று அமர்ந்துவிட்டேன். அவர் தூங்கவில்லை. அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஐயா, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறீர்களா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் நம்மிடையே உண்டு, எனக்கும் இருந்தது. மனநல மருத்துவர் கூறுவது இதற்கு மாறானது: கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை, ஒளித்து வைத்தவர் இறக்கி வைக்க இடம் கிடைக்கிறது. கொடிய நோய் இன்னது என அறிவிக்கப்பட்ட முதல் வாரங்களிலும் மாதங்களிலும் இவ்வபாயம் மிகுதி என்பதையும் நான் பின்னரே அறிந்தேன். அவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்து, "ஆம்" என்றார். அன்றிரவு மகள் வந்தாள். வீட்டிலிருந்த மாத்திரைகளெல்லாம் அவள் பொறுப்பிற் சென்றன. எஸ்ஓஎஸ் என்று அறியப்படும் அபய ஆலோசனைச் சங்கத்தை, 1969 முதல் இங்கே இயங்கிவருவதை, 1767 என்னும் எண்ணில் அழைத்தோம். இரவும் பகலும் பேச ஆள் உண்டு. காவல் நிலையம், வழக்கு என்று துணைவியார் அஞ்சினார். தற்கொலைக்கு முயல்வதே இந்நாட்டில் 2020 சனவரி முதல் குற்றமன்று என்று விளக்கிய பிறகே அவர் கை நடுக்கம் நின்றது. ஒளித்தற்குக் காரணம் மானம் மட்டுமன்று, சட்டத்தின் அச்சமும் ஆகும் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

இனி, மிகவும் தவறாகப் படிக்கக்கூடிய இடம். உயிர் நீங்கிக் கிடக்கும் கலிக்காமரைக் கண்ட சுந்தரர், நானும் இவர் போலாவேன் என்று வாளைப் பற்றுகிறார். இதனை ஓர் உத்தி என்று மாணவர் கொள்ளலாகாது. "நீ செத்தால் நானும் சாவேன்" என்று உயிரோடிருப்பவனை மிரட்டுவது வேறு. நண்பரின் உறவினர் ஒருவர் அவ்வாறு அழுது மிரட்டினார். அவர் சுமையோடு இன்னொரு சுமை ஏறியதே பயன். சுந்தரர் அதனைச் சொன்னது கேட்கும் செவி இல்லாதவரிடம். அது பேரம் அன்று. தம் வரவே காரணமாயிற்று என்னும் துயரம். தாம் தீர்ப்பவராய் வந்த பெருமையெல்லாம் கழன்று விழ, இழந்தவராய் நிற்கிறார். அவரைப் புகழ்வதற்கும் அவர் செய்ததை வழிமுறையாகக் கொள்ளாமைக்கும் வகுப்பில் இடம் வேண்டும். கதையில் இறைவன் அருளால் மாண்டவர் எழுந்தார். பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளில் மாண்டவர் எழுவதில்லை. ஆதலால் நாம் சுந்தரரினும் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் எழுந்தவர் என்ன செய்தார் என்பதே என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது. கலிக்காமர் எழுந்ததும் தம் நோய் தீர்ந்ததா என்று பார்க்கவில்லை; இறைவனை வாழ்த்தவில்லை. "கெட்டேன்" என்று பதறி விரைந்து சுந்தரரின் கையிலிருந்த வாளைப் பிடித்துக்கொள்கிறார். எவர் கையால் வாழ்வு பெற மறுத்தாரோ அவரைக் காக்கவே அவர் கை முதலில் நீண்டது. பெறுவதற்கு எழாதவர் கொடுப்பதற்கு எழுந்தார். இதே புலவர் பிறிதோரிடத்திலும் இதனைச் சொல்லியிருக்கிறார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார் எனக் கேட்டுச் சாகத் துணிந்த திலகவதியார் தெளிந்தது அறிவுரையால் அன்று. பெற்றோரை இழந்த தம்பி காலில் விழுந்து, நீரும் நீங்கின் நான் யாருக்காக இருப்பேன் என்று அழ, அவன் உளனாக வேண்டும் என்பதற்காகவே இருந்தார். ஆண்டு பல கழித்து, அந்தத் தம்பி சூலை நோயால் துடித்து நள்ளிரவில் திருவதிகைக்கு வந்தபோது, நீறளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அன்று அவர் இறந்திருந்தால் நாவுக்கரசர் இல்லை. நானும் சாவேன் என்பது அச்சிறுவன் வாயிலும் வந்தது உண்மையே. ஆனால் அது மிரட்டும் வயதன்று, போக்கிடமில்லாத வயது. இரண்டு கதையிலும் சாகத் துணிந்தவரைத் திருப்பியது, "உனக்கு இது நல்லது" என்ற சொல் அன்று, வேறொருவரின் தேவை.

இதனை நான் நூலிலிருந்து கண்டுபிடித்து நண்பரிடம் கையாண்டேன் என்று யாரும் எண்ணவேண்டா. நடந்தது தற்செயல். ஆசிரியர்க்கான குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். "கெட்டேன்" என்ற அச்சொல்லுக்கு எவ்வாறு பொருள் கொள்வது, கலிக்காமர் தம்மைக் குறித்துச் சொன்னதா, சுந்தரரைக் குறித்தா என்பதில் தெளிவின்றி நின்றேன். வேறு யாரையும் கேட்கத் தெரியாமல் அவரை அழைத்தேன். முன்னாள்களில் ஓரிரு சொல்லில் முடிப்பவர் அன்று நாற்பது நிமிடம் பேசினார். "தம்பி, கிணற்றுச் சுவரில் ஏறி நிற்கும் குழந்தையைக் கண்டால் தாய் என்னவென்று அலறுவாள்? ‘கெட்டேன்’ என்பாள். கெடப்போவது குழந்தை, அலறுவது தாய். அந்த நேரத்தில் இரண்டும் வேறு வேறு என்ற நினைவு அவளுக்கு இல்லை. இலக்கணம் பார்க்காதே, தாயைப் பார்" என்றார். மறுநாள் தாமே அழைத்து, மற்றொரு பாடலைப் பற்றிய என் குறிப்பு தவறு என்றார். அதற்கடுத்த நாளும் அழைத்தார்.

அவர் மனநல மருத்துவரைக் காண இசைந்தது அந்த வாரத்தில். நெஞ்சை அழுத்திய சோர்வும் ஒரு நோயே, அதற்கும் மருந்துண்டு என்பதை ஏற்க அவருக்கு ஒரு திங்கள் ஆயிற்று. வலியைத் தணிக்கும் மருத்துவம் தனியே தொடங்கிற்று. இரவில் உறங்கத் தொடங்கிய பின் அறுவைக்கு ஒப்பினார். மருந்தேற்றத்தை மட்டும் இறுதிவரை மறுத்துவிட்டார். மகள் அழுதாள், நானும் வருந்தினேன். ஆயினும் இம்மறுப்பு முன்னைய மறுப்பன்று. தெளிந்த மனத்தோடு மருத்துவரிடம் கேட்டறிந்து, நன்மை இது தீமை இது என எண்ணிப் பார்த்து ஒருவர் ஒரு சிகிச்சையை வேண்டா என்பது அவர் உரிமை. மீள முடியாத இறுதி நோயில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டா என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இடமளிக்கிறது. வாழும் முறையைத் தெரிவு செய்பவரையும், சாவைத் தெரிவு செய்துவிட்டு மருத்துவ மறுப்பை அதற்கு மேற்போர்வையாக்குபவரையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். முகம் பார்த்துப் பலநாள் பேசினாலன்றி அவ்வேறுபாடு புலப்படுவதில்லை. இன்று அவர் நாற்காலி சன்னலை விட்டுச் சற்று விலகி, மேசையருகே கிடக்கிறது.

இக்கட்டுரையின் முதற்படியை அவரிடமே கொடுத்தேன். சிவப்பு மையால் ஒற்றுப்பிழை மூன்றைத் திருத்தியிருந்தார். கலிக்காமரின் மனைவியைப் பற்றிய பகுதியின் ஓரத்தில், "இசைவில்லை" என்று எழுதியிருந்தார். காரணம் கேட்டேன். "வந்தவர் தம்மால்தான் இது நேர்ந்தது என்று வருந்தக் கூடாதே என்று மறைத்தாள். அது பொய்யா? விருந்தோம்பலின் கடைசி எல்லை அது" என்றார். நான் மறுத்தேன், அந்த மறைப்பு நீண்டிருந்தால் சுந்தரர் வாயிலோடு திரும்பியிருப்பாரே என்றேன். வாதம் வளர்ந்தது. தேநீர் கொண்டுவந்த துணைவியார் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, "அந்த அம்மா தானாகச் சொன்னார். என்னைச் சொல்லச் சொன்னது இவர்தான், தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நண்பர் தலைகுனிந்து சற்று நேரம் இருந்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாம் எழுதிய "இசைவில்லை" என்பதன் அருகே ஒரு கேள்விக்குறி இட்டார்.